கேமரா சொன்னதும் நீ சொன்னதும்

முகிலா,

தெப்ராவில் தொழிற்சாலை வாசலுக்கு எதிரே பஸ்ஸை நிறுத்திவிட்டு, காலை ஷிப்ட் ஆட்கள் வெளியே வரக் காத்திருக்கும் நேரத்தில் இதை எழுதுகிறேன். இன்ஜினை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்து வைத்திருக்கிறேன். மழை வரும் போலிருக்கிறது. நீ விசா வேலையாகக் கோலாலம்பூர் போயிருக்கிறாய். அடுத்த வாரம் ஆய்வு வேலைக்காக நெதர்லாந்துக்கே போய்விடுவாய். இதையெல்லாம் நேரில் சொல்லலாம்தான். ஆனால் நான் உன்னைப் பாராட்ட ஆரம்பித்தால் நீ கைப்பேசியை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடிவிடுவாய். அதோடு, நம் தாமான் குடியிருப்பின் தமிழ்ச் சங்கத்தில் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி என்னை விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். படித்து முடித்துவிட்டு அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் இருக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் உதவுகிற மாதிரி இருக்க வேண்டுமாம். எனக்குக் கட்டுரை எழுத வராது. உனக்குக் கடிதம் எழுத வரும். அதையே அவர்களும் படித்துக்கொள்ளட்டும்.

நீ முதன்முதலில் இந்த வேலையைப் பற்றி வாய் திறந்த நாளிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஸ்கூடாயில் கம்ப்யூட்டர் படிப்பை முடித்திருந்தாய். சிங்கப்பூர்க் கம்பெனி ஒன்றில் வேலையும் கிடைத்திருந்தது. உன் அப்பா எத்தனையோ வருடமாக மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டிப் போய் அங்கே கிடங்கில் பெட்டி ஏற்றி இறக்குகிறவர். தன் மகன் அதே பாலத்தைத் தாண்டிக் குளிர்சாதன அறைக்குள் போய் உட்காரப் போகிறான் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். அந்த நேரத்தில்தான் நீ சாப்பிட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னாய்: "மா, சிங்கப்பூர் வேலைய வேணாம்னு சொல்லிட்டேன். யூனிவர்சிட்டில ஒரு வருஷ ரிசர்ச் இருக்கு. புதுசா டிகிரி முடிச்சவங்களுக்குன்னே வச்சிருக்காங்க. ஏ.ஐ. எதிக்ஸ்."

"எதிக்ஸ்னா?" என்று அப்பா கேட்டார்.

"நன்னெறி மாதிரிப்பா."

"ஸ்கூல்ல படிப்பீங்களே, நன்னெறிக் கல்வி, அதுவா? மெஷினுக்கா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா சிரிக்கவில்லை. தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார். நீ என்னிடம் மட்டும் சொல்லி முடித்தாய்: "மெஷினுக்கு இல்லமா. இப்பல்லாம் மனுசங்களப் பத்தி மெஷின்தான் முடிவு எடுக்குது. யாருக்கு லோன் குடுக்கலாம், யார இன்டர்வியூக்குக் கூப்பிடலாம், எல்லாம். அந்த முடிவு சரியா, யாருக்குத் தப்பாகுது, தப்பானா யாரு பொறுப்பு, இதெல்லாம் தேடிப் பாக்குற வேலை. இதுக்கும் ஆளு வேணும்ல?" நான் தலையாட்டினேன். உள்ளுக்குள்ளே, யாருக்கோ நடக்கிற ஏதோ ஒன்றுக்காக நம் பிள்ளை நல்ல வேலையை விடுகிறானே என்றுதான் இருந்தது. அது யாருக்கோ நடக்கிற விஷயம் இல்லை, என் தலைக்கு மேலேயே பீப் பீப் என்று கத்திக்கொண்டிருக்கிற விஷயம்தான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மற்றவர்களும் படிக்கப் போவதால் அந்தக் கேமராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கம்பெனி பஸ்கள் எல்லாவற்றிலும் ஸ்டியரிங்குக்கு மேலே சின்னதாக ஒன்றைப் பொருத்தினார்கள். ஓட்டுபவர் கண்ணை மூடினால், கொட்டாவி விட்டால், தலை சாய்ந்தால் அது கத்தும். கத்திய நேரத்து வீடியோவை ஆபீசுக்கும் அனுப்பிவிடும். பிறந்ததிலிருந்தே எனக்கு இடது கண் இமை சற்று இறங்கியிருக்கும். உனக்கு அது அம்மாவின் முகம், அவ்வளவுதான். அந்தக் கேமராவுக்கு நான் எந்நேரமும் தூங்கிக்கொண்டிருக்கிறவள். சமிக்ஞை விளக்கில் நின்றால் பீப். வளைவில் திரும்பினால் பீப். பின்னால் உட்கார்ந்திருக்கும் நேபாளத்துப் பையன்கள் "காக்கா, பங்குன், பங்குன்" என்று சிரிப்பார்கள். அக்கா, எழுந்திருங்கள் என்று மலாயில் கிண்டல். ஆரம்பத்தில் நானும் சேர்ந்து சிரித்தேன். ஆபீசில் கூப்பிட்டுக் கேட்க ஆரம்பித்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஆய்வில் சேர்ந்த புதிதில் ஒரு விடியற்காலை நீ சும்மா என்னோடு பஸ்ஸில் வந்தாய், நினைவிருக்கிறதா? தெப்ராவ் போய்ச் சேரும்வரை அந்தப் பெட்டியையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தாய். இறங்கும்போது, "மா, நா என்ன தேடணும்னு கெடச்சிருச்சு" என்றாய்.

உன் பேராசிரியை டாக்டர் ஹஸ்லினா அதைக் கேட்டதும் சொன்னதை நீ வீட்டில் வந்து சொன்னாய். கேள்வி நல்ல கேள்வி, ஆனால் அதில் உன் அம்மா இருக்கிறார், அதனால் எந்த வீடியோவில் கண் மூடியிருக்கிறது, எதில் திறந்திருக்கிறது என்று தீர்ப்புச் சொல்கிற ஆளாக நீ இருக்கக் கூடாது என்றாராம். எனக்கு அது புதிதாக இருந்தது. என் பிள்ளை பொய் சொல்ல மாட்டான் என்று நான் ஊருக்கே சத்தியம் செய்வேன். அந்தப் பேராசிரியையும் நீ பொய் சொல்வாய் என்று சொல்லவில்லை. பாசம் இருக்கிற இடத்தில் கண்ணே தப்பாகப் பார்க்கும் என்றுதான் சொன்னார். அதனால் எங்கள் டெப்போ பக்கமே வந்திராத உன் கூட்டாளிகள், எது யாருடைய முகம் என்று தெரியாமல், ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாமல், தனித்தனியாகப் பார்த்துச் சொல்வது என்று முடிவானது.

அந்தக் கூட்டாளிகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டி வந்தாய். ஏ.ஐ. என்றால் எல்லோரும் கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் என்று நினைத்திருந்தேன். ஒரு பெண் சட்டம் படித்தவள். ஒருத்தி நர்சிங் முடித்தவள். கண்ணாடி போட்ட ஒரு சீனப் பையன் தத்துவம் படித்தானாம். அதைப் படித்துவிட்டு என்ன வேலைக்குப் போவான் என்று அவன் வீட்டில் கவலைப்பட்டிருப்பார்கள், பாவம். கோழிக் குழம்பைப் போட்டுக்கொண்டு நீங்கள் அன்றைக்குச் சண்டை போட்டீர்களே, அதை நான் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு டிரைவர் தூங்கும்போது கேமரா கத்தாமல் விட்டால் அது மோசமா, தூங்காதவர் தூங்கினார் என்று கத்தினால் அது மோசமா? சட்டம் படித்தவள் ஒன்று சொன்னாள், நர்ஸ் வேறொன்று சொன்னாள், தத்துவப் பையன் இரண்டு பேரையும் மடக்கினான். எங்கள் டெப்போவில் நாங்கள் திட்டிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்த ஒரு பெட்டிக்குள் இவ்வளவு பெரிய கேள்வி உட்கார்ந்திருக்கிறது என்பதை நினைத்தபோது எனக்குக் கொஞ்சம் மலைப்பாகிவிட்டது. நெருப்பைச் சின்னதாக்கிவிட்டு அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

டெப்போவுக்கு நீங்கள் வந்த நாளை நான் மறக்க மாட்டேன். மேலாளர் மிஸ்டர் லிம் நல்ல மனிதர். கேமரா வாங்கியதிலிருந்து புகார் மேல் புகார் வந்ததில் அவருக்கே தலைவலி. உடனே அனுமதி கொடுத்துவிட்டார். நீ எங்கள் எல்லோரையும் உட்கார வைத்து, முதலில் மலாயில், பிறகு தமிழில் சொன்னாய்: "இதுல சேரணும்னு கட்டாயம் இல்ல. சேந்தாலும் எப்ப வேணா வெலகிக்கலாம். ஏன்னு காரணம் சொல்ல வேண்டியதில்ல. உங்களப் பத்தித் தெரிய வர்றத தனித்தனியா ஆபீசுக்குக் குடுக்க மாட்டோம். உங்க உடம்புக்கு ஆபத்துன்னு ஏதாச்சும் தெரிஞ்சா, உங்ககிட்ட மட்டும் சொல்லுவோம்." எனக்குப் பக்கத்தில் இருந்த ரோஸ் அக்கா என் கையைத் தொட்டு, காரணம் சொல்ல வேண்டாம் என்றா சொன்னான் என்று மலாயில் கேட்டாள். ஆமாம் என்றேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு நாள் லீவுக்குக்கூடக் காரணம் சொல்லியே பழகியவர்கள் நாங்கள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக, உன் விருப்பம் என்று ஒருவர் எங்களிடம் சொல்லக் கேட்டோம். அதைச் சொன்னவன் என் வயிற்றில் பிறந்தவன். அந்தப் பெருமையை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நிறுத்தி வைத்த பஸ்ஸில் எங்களை ஒவ்வொருவராக உட்கார வைத்துப் பார்த்தீர்கள். விடியும் முன்னால், உச்சி வெயிலில், கண்ணாடி போட்டு, போடாமல். மடிக்கணினித் திரையில் என் முகத்தை எனக்குக் காட்டினாய். நெற்றியிலும் கன்னத்திலும் கண்ணைச் சுற்றியும் பச்சைப் புள்ளிகள். மேல் புள்ளியும் கீழ்ப் புள்ளியும் நெருங்கி வந்தால் கண் மூடிவிட்டது என்று அது கணக்கெடுத்துக்கொள்ளுமாம். கதவுப் பக்கத்துக் கீழ்க் கண்ணாடியைப் பார் என்றாய். பார்த்தேன். பீப். பயணி இறங்கிவிட்டாரா என்று நான் கவனித்துப் பார்க்கிற பார்வை அதற்குத் தூக்கம். அத்தனை பேரும் கைதட்டினார்கள். எனக்கு அந்தப் பெட்டியின் மேல் அதுவரை இருந்த கோபம் அங்கேயே போய்விட்டது. யாரோ எங்கேயோ உட்கார்ந்து, ஒரு மனித முகத்தைப் புள்ளிகளாக்கி, நூறு பேர் ரோட்டில் சாகக் கூடாது என்று யோசித்து இதைச் செய்திருக்கிறார்கள். என்னைப் போன்ற கண் ஒன்று அவர்கள் முன்னால் வந்ததில்லை, அவ்வளவுதான். இதை நீதான் சொன்னாய். செய்தவர்களைத் திட்டாதே, அவர்களிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்றாய்.

இனிமேல் சுப்ரா அண்ணனைப் பற்றி எழுத வேண்டும். நீ கற்றுக் கொடுத்தபடி அவரிடம் அனுமதி கேட்டுவிட்டேன். பெயரை மாற்றட்டுமா என்றும் கேட்டேன். "ஏன் மாத்தணும்? எம் பேரப் போட்டே எழுது தங்கச்சி. நம்ம ஆளுங்க நாலு பேராச்சும் படிச்சிட்டு டாக்டர்கிட்ட போவட்டும்லா" என்றார்.

எனக்குப் பஸ் ஓட்டச் சொல்லிக் கொடுத்தவர் அவர். பொம்பளைக்கு எதற்குப் பெரிய வண்டி என்று டெப்போவில் சிரித்தபோது, பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு என்னை ஸ்கூடாய் நெரிசலுக்குள் ஓட்ட வைத்தவர். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நான் ஷிப்டில் மாட்டிக்கொண்டால் உன்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வந்து தன் மனைவி லெட்சுமி அக்கா கையால் சாப்பிட வைப்பார். உங்கள் ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே அவர் வண்டியிலிருந்து அடுத்தடுத்து வீடியோக்கள் ஆபீசுக்குப் போயின. தூங்குகிறார் என்று கேமரா சொன்னது. வண்டி எடுக்க வேண்டாம் என்று நிறுத்தி வைத்துவிட்டார்கள். டெப்போவே கொதித்தது. என் கண்ணைத் தூக்கம் என்று சொன்ன கேமராதானே இதையும் சொல்கிறது! மிஸ்டர் லிம்மிடம் போய் நின்றோம். ஆய்வு முடிவு வரட்டும், கேமரா தப்பு என்று வந்தால் அவர் மறுநாளே வண்டி எடுக்கலாம் என்றார். அண்ணன் வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், லெட்சுமி அக்காவோடு தன் மச்சானின் மண்பாண்டக் கடைக்கு உதவியாக ஆயர் ஈத்தாம் போய்விட்டார். எங்கள் நம்பிக்கை எல்லாம் உன்மேல்தான் இருந்தது. உன்னைப் பார்த்தவர்கள் எல்லாம், "எப்ப தம்பி ரிப்போர்ட்டு?" என்றுதான் கேட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை நீ முகம் வாடி வந்தாய். ரிப்போர்ட் முடிந்துவிட்டதா என்றேன். முடிந்தது என்றாய். கேமரா தப்புதானே என்றேன். "நெறைய பேருக்குத் தப்புமா. அது எழுதியாச்சு" என்றாய். அண்ணனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"சொல்லக் கூடாதுமா. அவருக்குத்தான் மொதல்ல சொல்லணும்."

"பெத்தவகிட்டயே ரகசியமா? அவரு எனக்கு அண்ணன் முறை. ஒனக்குச் சோறு போட்ட மனுசன்."

"அதான்மா நேர்ல போய்ச் சொல்லணும். நாளைக்கு ஆயர் ஈத்தாம் கூட்டிட்டுப் போறீங்களா? ஆனா நீங்க கார்லயே இருக்கணும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மறுநாள் நெடுஞ்சாலை முழுக்க நான் உன்னோடு பேசவில்லை. கூலாய் தாண்டியதும் பார்த்தேன், மடியில் வைத்திருந்த உன் விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

கடை வாசலில் பூச்சாடிகளும் மண் யானைகளும் உண்டியல்களும் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அண்ணன் ஒரு பெரிய ஜாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் காரிலேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து லெட்சுமி அக்கா வந்து கதவைத் திறந்து இழுத்தார். நீ தயங்கி, "மாமா, இது ஒங்களப் பத்தின விசயம். அம்மா கேக்கலாமா?" என்றாய். "அவ இருக்கட்டும். அவளுக்குத் தெரியாம எங்கிட்ட என்னா இருக்கு?" என்றார். கடைக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்தோம்.

நீ சுற்றி வளைக்கவில்லை. "மாமா, கேமரா நெறைய பேருக்குத் தப்பா அடிக்குது. ஒங்களுக்கும் பல தடவ தப்பாத்தான் அடிச்சிருக்கு. ஆனா உங்கள நிறுத்துனாங்களே, அந்த வீடியோ தப்பு இல்ல. பார்த்த எல்லாரும் ஒண்ணுதான் சொல்லியிருக்காங்க. நீங்க தூங்கிட்டீங்க மாமா."

அண்ணன் துடைக்கும் துணியை மடித்தார். "நா தூங்கல. எனக்குத் தெரியாதா?"

"தெரியாது மாமா. அதான் பயமா இருக்கு. ஒங்களுக்கே தெரியல."

சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. நீ மடிக்கணினியை மூடியபடியே மடியில் வைத்துக்கொண்டு, "பாக்கணுமா வேணாமான்னு நீங்க சொல்லுங்க. கட்டாயம் இல்ல" என்றாய். அவர் துணியை முழங்காலில் வைத்துவிட்டு, "போடு" என்றார்.

நானும் பார்த்தேன். அண்ணன் முகம். மெல்ல மெல்ல இமைகள் இறங்கி முழுதாக மூடிக்கொண்டன. தலை சாயவில்லை, கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது. ஆனால் ஜன்னலுக்கு வெளியே சாலைக் கோடு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வண்டிக்கு அடியில் போனது. பின்னால் சீட் சீட்டாக ஆட்கள், ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். பிறகு அவராகவே கண்ணைத் திறந்தார். ஒன்றுமே நடக்காத மாதிரி வண்டியை நேராக்கி ஓட்டினார். நான் கும்பிடுகிற தெய்வத்தையெல்லாம் அந்த நேரத்தில் நினைத்துக்கொண்டேன்.

அக்காதான் முதலில் பேசினார். "நா சொன்னா சிரிப்பாரு. தூக்கத்துல கொறட்ட விடுறாரு, அப்படியே மூச்சு நின்னு போவுது. நா தட்டி எழுப்புவேன்."

"அதுதான் அத்தை. எங்கூட வேலை செய்ற பொண்ணு நர்சிங் படிச்சவ. பேரு சொல்லாம அவகிட்ட கேட்டேன். ராத்திரி மூச்சு தடைபட்டா பகல்ல இப்படித் தெரியாமயே தூக்கம் வருமாம். வைத்தியம் இருக்கு. ஆஸ்பத்திரில டெஸ்ட் பண்ணுவாங்க."

அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. "இத ஆபீஸ்ல சொல்லிட்டியா?"

"இல்ல மாமா. சொல்ல மாட்டேன். சொல்றது நீங்கதான்."

"ரிப்போர்ட்ல கேமரா தப்புன்னு போட்டிருக்குல்ல? அதக் காட்டி நா நாளைக்கே வண்டி எடுக்கலாம்ல?"

"எடுக்கலாம். விட்டுருவாங்க."

"அப்பறம் ஏன்டா எங்கிட்ட வந்து இதச் சொல்ற?"

"அதனாலதான் மாமா சொல்றேன்."

அண்ணன் எழுந்து ஜாடிகளுக்கு நடுவே நடந்து போனார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி நின்றார். அவர் திரும்பி வந்து உன்னை அடிப்பார் என்றே நினைத்தேன். வந்தார். உன் தலையில் கையை வைத்தார். "அலமாக், ஐயோ! பின்னால அவ்வளவு பேரு உக்காந்திருந்தாங்களேடா" என்றார். அக்கா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நீயும் அழுதாய். நான் அழவில்லை முகிலா. என் பிள்ளையை அதுவரை நான் பார்த்ததே இல்லை போல உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் எல்லோருக்கும் பிடித்த பதிலை உன்னால் சொல்லியிருக்க முடியும். சொல்லாமல் சும்மா இருந்திருந்தாலும் போதும், நீதான் எங்களுக்கு வீரன். அந்த வீரத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு மனிதன் முன்னால் வெறும் கையோடு வந்து உட்கார்ந்தாய்.

திரும்பி வரும்போது உன்னிடம் பேசினேன். "அவரு ஒத்துக்கலன்னா என்னா செஞ்சிருப்ப? ஆபீஸ்ல சொல்லியிருப்பியா?"

"சொல்ல மாட்டோம்னு வாக்கு குடுத்திருக்கோம். ஆனா பஸ்ல ஆளுங்க இருக்காங்க. டாக்டர் ஹஸ்லினாகிட்டயும் பேசினேன். முழுசா எங்களுக்கே தெரியலமா. இத இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்காங்க."

படித்தவர்கள் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். பதில் தெரியாத இடத்துக்கு வேண்டுமென்றே போய் நிற்பதையே ஒரு வேலையாகச் செய்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்று அந்தச் சாலையில்தான் எனக்குப் புரிந்தது. அன்றைக்கு இரவு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அண்ணன் சொல்லலாம் என்ற பிறகுதான். அப்பா மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது, உன் அறை வாசலில் கிடந்த உன் சப்பாத்துக் காலணியை எடுத்துத் துடைத்து வைத்துவிட்டுப் போனார்.

அண்ணன் மறுவாரமே மிஸ்டர் லிம்மிடம் தானே போய்ச் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி படுக்க வைத்துப் பார்த்தார்கள். நர்ஸ் பெண் சொன்னதுதான். இப்போது முகத்தில் மூச்சுக் கருவி மாட்டிக்கொண்டு தூங்குகிறார். டாக்டர் ஓட்டலாம் என்று எழுதிக் கொடுக்கும்வரை டெப்போவில் வண்டிகளை அனுப்பும் வேலை கொடுத்தார்கள். சென்ற மாதத்திலிருந்து மறுபடி ஓட்டுகிறார். இத்தனை வருடமாகத் தூக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தது தூக்கமே இல்லை, இப்போதுதான் தூங்குகிறேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். கேமராவும் இருக்கிறது. ஆனால் அது கத்தியதை ஆள் ஒருவர் பார்த்த பிறகுதான் யாரையும் கூப்பிடுகிறார்கள். அந்த வீடியோவை நாங்களும் பார்க்கலாம், இது தப்பு என்று சொல்லலாம். என் கண்ணைப் பெட்டிக்குப் பழக்கிக் கொடுத்த பிறகு அது என்னிடம் மரியாதையாக நடந்துகொள்கிறது.

மலரைப் படிக்கும் பிள்ளைகளுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். எதிர்வீட்டு சாந்தியின் மகள் தமிழ் படித்து முடித்தவள். உன்னிடம் வந்து, "நா தமிழ் படிச்சவ, எனக்கு இதுல யாரு எடம் குடுப்பா அண்ணே?" என்று கேட்டாள். நீ சொன்ன பதிலை நான் துணி மடித்துக்கொண்டே கேட்டேன். மெஷின் நம் தமிழைத் தப்பாகக் கேட்கிறது, தப்பாக மொழிபெயர்க்கிறது, அதைக் கண்டுபிடிக்க உன்னை விட்டால் யார் என்றாய். பல்கலைக்கழகங்களில் புதுப் பட்டதாரிகளுக்கு ஆய்வு உதவியாளர் இடம் இருக்கிறது, சில மாதப் பயிற்சி தரும் அமைப்புகளும் இருக்கின்றன, வீட்டிலிருந்தே செய்கிறதும் உண்டு என்றாய். உன்னைச் சுற்றி ஒரு மெஷின் யாரையாவது தப்பாக நடத்துகிறதா என்று பார், பார்த்ததை இரண்டு பக்கம் எழுது, அதே விஷயத்தில் ஆய்வு செய்கிறவருக்கு அனுப்பு என்றாய். பலர் பதிலே போட மாட்டார்கள் என்றும் மறைக்காமல் சொன்னாய். உனக்கும் அப்படித்தானே நடந்தது! எத்தனையோ இடத்துக்கு எழுதிவிட்டுக் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருப்பாய். பெற்றவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பிள்ளை இப்படி ஒன்றைச் சொன்னால் உடனே தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகாதீர்கள். உட்கார்ந்து முழுதாகக் கேளுங்கள். சாந்தி மகள் இப்போது விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

நீ போகிற ஊரில் குளிரும் என்கிறார்கள். காதை மூடிக்கொள். அங்கே பெரிய கணினிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும்போது, மாதத்தில் ஒரு நாளாவது வெளியே வந்து அந்த ஊர்ப் பஸ்ஸில் ஏறி டிரைவருக்குப் பின்னால் உட்கார். உன்னோடு ஒத்துப்போகாதவர்களோடு சேர்ந்து சாப்பிடு. நல்லது செய்கிறோம் என்கிற நினைப்பு தலைக்கு ஏறினால், அன்றைக்குக் காரில் உன் விரல் நடுங்கியதை நினைத்துக்கொள். அந்த நடுக்கம் போகாமல் பார்த்துக்கொள். நாளைக்கு உன்னைப் பெரிய ஆள் என்று சொல்வார்கள். பெரிய ஆட்களுக்குக் கை நடுங்குவதில்லை, அதுதான் எனக்குப் பயம்.

தொழிற்சாலை மணி அடித்துவிட்டது. ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். முடிக்கிறேன். எனக்கும் வயதாகிறது முகிலா. இந்த வண்டியை விட்டு இறங்க வேண்டிய நாள் ஒன்று வரும். அது வந்துவிட்டது என்று எனக்கே தெரியாமல் போகலாம். கூட ஓட்டுகிறவர்கள் சொல்லத் தயங்குவார்கள், அப்பா மனம் வராமல் மழுப்புவார். நீ எந்த நாட்டில் இருந்தாலும் வந்துவிடு. எனக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார். சுற்றி வளைக்காதே. நான் கோபப்படுவேன், ஏன்டா சொல்கிறாய் என்று கேட்பேன், எழுந்து போய் உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். நீ போய்விடாதே. நான் திரும்பி வருகிறவரை உட்கார்ந்திரு.

அம்மா